அரிட்ஸ் அடுரிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த அரிட்ஸ் அடுரிஸ்?

ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து ஸ்ட்ரைக்கர், அதாவது முன்களத்தில் நின்று கோல் போடுபவர். 1981 பிப்ரவரி 11 அன்று வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள சான் செபாஸ்தியான் நகரில் பிறந்தவர். அத்லெட்டிக் பில்பாவோ கிளப்புக்காக மூன்று வெவ்வேறு காலகட்டங்களில் ஆடி 172 கோல்கள் போட்டார். நூறாண்டைக் கடந்த அந்த கிளப்பின் வரலாற்றில் அதிக கோல் போட்டவர்கள் வரிசையில் அவருக்கு ஆறாவது இடம். 2020 மே மாதம், 39ஆம் வயதில், இடுப்பு எலும்பு ஒத்துழைக்க மறுத்ததால் ஓய்வு பெற்றார்.

ரவுல், டோரஸ், வில்லா என்று ஸ்பெயினுக்குப் பெரிய ஸ்ட்ரைக்கர்கள் எல்லாம் இருக்க, இவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நியாயமான கேள்விதான். கோப்பைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அடுரிஸ் அந்த மூவருக்கும் பக்கத்தில் கூட நிற்க முடியாது. ரவுல் 17 வயதில் ரியல் மாட்ரிட்டின் முதல் அணிக்கு வந்துவிட்டார். டோரஸ் 19 வயதில் அத்லெட்டிகோ மாட்ரிட்டின் கேப்டன். 24 வயதில், ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2008இன் இறுதியில் வெற்றி கோல் அடித்தவர். அந்த 24 வயதில் அடுரிஸ் இரண்டாம் நிலை லீக்கில் வயாதொலித் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். மற்ற ஸ்ட்ரைக்கர்கள் வேகம் குறைந்து, அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ பெட்டி கட்டும் வயதில் இவர் உச்சத்துக்குப் போனார். 2015–16 பருவத்தில், 35 வயது நிறைந்த ஆண்டில், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 கோல்கள். இதை வெறும் அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அதற்குப் பின்னால் தெளிவான காரணங்கள் இருந்தன. கீழே வருகின்றன.

சான் செபாஸ்தியான்காரர் ஏன் ரியல் சொசியதாத் அணிக்கு ஆடவில்லை?

சான் செபாஸ்தியானின் அணி ரியல் சொசியதாத். பில்பாவோவின் அத்லெட்டிக் அதன் பரம வைரி. இரு நகரங்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டர் சாலைதான். பகை மட்டும் அதைவிட நீளம்.

சிறுவனாக அடுரிஸ் ஆடியது தன் நகரத்தின் அன்டிகுவோக்கோ என்ற இளையோர் கிளப்பில். அதே காலத்தில் அங்கே வளர்ந்தவர்களில் இருவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சாபி அலோன்சோ, மிகேல் அர்டெட்டா. அலோன்சோ ரியல் சொசியதாத் பக்கம் போனார், அர்டெட்டா பார்சிலோனாவின் இளையோர் அணிக்குப் போனார். அடுரிஸ் விட்டோரியா நகரின் அவுர்ரேரா அணி வழியாக 2000இல் அத்லெட்டிக்கின் இரண்டாம் அணிக்கு வந்து சேர்ந்தார். பெரிய அணிகள் அள்ளிக்கொண்டு போன பிள்ளை அல்ல அவர். அவருடைய குடும்பத்தில் மலையேற்றத்துக்கும் பனிச்சறுக்குக்கும் பெரிய இடம் இருந்தது. இளமையில் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். பின்னாளில் அவருடைய உடல் தாங்கிய உழைப்பைப் பார்க்கும்போது அந்த மலைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அத்லெட்டிக் பில்பாவோவின் பாஸ்க் கொள்கை என்பது என்ன?

பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களையோ, அந்தப் பகுதியின் கிளப்புகளில் கால்பந்து கற்று வளர்ந்தவர்களையோ மட்டுமே அணியில் சேர்ப்பார்கள். எழுதப்பட்ட சட்டம் அல்ல, வழக்கம். ஆனால் சட்டத்தைவிட இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். ஸ்பெயினின் பாஸ்க் மாகாணங்கள், நவார்ரா, எல்லைக்கு அப்பால் பிரான்ஸில் இருக்கும் பாஸ்க் பகுதி எல்லாம் இதில் அடங்கும். கானா நாட்டுப் பெற்றோருக்கு பில்பாவோவில் பிறந்த இன்யாக்கி வில்லியம்ஸும், பிரான்ஸில் பிறந்து பாஸ்க் பகுதியில் வளர்ந்த அய்மெரிக் லபோர்ட்டும் அணிக்கு ஆடியது இந்த வழியில்தான்.

இவ்வளவு சிறிய குளத்தில் மீன் பிடித்தும் முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறை கூடக் கீழே இறங்காத மூன்று அணிகளில் அத்லெட்டிக் ஒன்று. மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும்.

அடுரிஸின் கதைக்கு இந்தக் கொள்கை மிக முக்கியம். உலகம் முழுவதும் ஆள் தேடும் ஒரு கிளப், 31 வயது ஸ்ட்ரைக்கரைத் திரும்ப வாங்காது; பிரேசிலிலிருந்து ஒரு 21 வயதுப் பையனைக் கொண்டுவரும். அத்லெட்டிக்குக்கு அந்த வழி கிடையாது. இருக்கிற ஆட்களைப் பொறுமையாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் அதே கிளப் அவரை இரண்டு முறை வெளியே அனுப்பியது ஏன்?

முதல் முறை நடந்தது யாருக்கும் நடக்கக்கூடியது. 2002–03இல் முதல் அணிக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆடினார், இடம் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நிலையில் இருந்த பூர்கோஸ் அணிக்குப் போனார், பிறகு இரண்டாம் நிலையில் வயாதொலித். அங்கே கோல் போடத் தொடங்கியதும் 2006இன் தொடக்கத்தில் அத்லெட்டிக் அவரைத் திரும்ப அழைத்தது.

இரண்டாம் முறைதான் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. 2006–07 பருவத்தில் அத்லெட்டிக் கடைசி நாளில்தான் கீழிறங்காமல் தப்பியது. அந்த ஆண்டு அணியைக் காப்பாற்றியவர்களில் அடுரிஸும் ஒருவர். ஆனாலும் 2008 கோடையில் அவரை மயோர்க்காவுக்கு விற்றார்கள். கிளப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஆட பெர்னாந்தோ யொரெந்தே என்ற நெடிய இளைஞர் தயாராக இருந்தார். கணக்குப் புத்தகத்தில் அது சரியான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் தன் ஆட்களை மட்டுமே வைத்து வாழும் ஒரு கிளப், கோல் போடத் தெரிந்த தன் ஆளை விற்பது விதைநெல்லை விற்பது போன்றது.

மயோர்க்காவிலும் வலென்சியாவிலும் எப்படி ஆடினார்?

நன்றாகவே. மயோர்க்காவில் இரண்டு பருவங்களில் லீக்கில் 11, 12 என்று கோல்கள். 2009–10இல் அந்தச் சிறிய தீவு அணி ஐந்தாவது இடம் பிடித்தது. கடன் சிக்கலால் ஐரோப்பியப் போட்டியில் ஆட அனுமதி கிடைக்கவில்லை என்பது தனிச் சோகம்.

2010இல் டேவிட் வில்லாவை பார்சிலோனாவுக்கு விற்ற வலென்சியா, அந்த வெற்றிடத்தை நிரப்ப ரொபெர்தோ சொல்தாதோவையும் அடுரிஸையும் வாங்கியது. பயிற்சியாளர் உனாய் எமெரி, அவரும் பாஸ்க்காரர். இரண்டு பருவங்களிலும் அணி மூன்றாவது இடத்தில் முடித்தது. அடுரிஸ் பெரும்பாலும் சொல்தாதோவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். 31 வயது, மாற்று வீரர் என்று பெயர். கதை இங்கே முடிந்திருந்தால் "பரவாயில்லை, நல்ல ஆட்டக்காரர்" என்று ஒரு வரியில் மறந்திருப்போம்.

2012இல் அத்லெட்டிக் அவரை மீண்டும் அழைத்தது எப்படி?

அதே யொரெந்தேதான் காரணம். ஒப்பந்தத்தை நீட்டிக்க அவர் மறுத்துவிட்டார். கிளப்புக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. அந்தப் பருவத்தைப் பெரும்பாலும் பெஞ்சில் கழித்துவிட்டு 2013இல் யுவெந்துஸுக்குப் போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் யாருக்கு இடம் விட்டுப் போனாரோ, அவருடைய இடத்துக்கே அடுரிஸ் திரும்பி வந்தார். கொடுத்த விலையும் சொற்பம். அப்போது அதை ஒரு தற்காலிக ஒட்டுவேலை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முப்பது வயதைக் கடந்த பிறகு எப்படி இவ்வளவு கோல் போட்டார்?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரே பதில் கிடையாது.

முதலில், அவருடைய ஆட்டம் எப்போதுமே வேகத்தை நம்பி இருந்ததில்லை. ஓடி முந்திக் கோல் அடிப்பவர்கள் 29, 30 வயதில் அரை அடி பின்தங்கினாலே ஆட்டம் முடிந்துவிடும். டோரஸுக்கு நேர்ந்தது ஏறத்தாழ அதுதான். அடுரிஸின் ஆயுதங்கள் வேறு. பந்து வரும் உயரத்தை முன்கூட்டியே கணித்து, தடுப்பாளர் குதிப்பதற்கு ஒரு கணம் முன்னே குதிப்பது. முதுகுக்குப் பின்னால் ஆள் முட்டிக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சில் பந்தை வாங்கி இறக்குவது. தரையில் விழுவதற்குள் உதைப்பது. ஆறடி உயரம் என்பது ஸ்ட்ரைக்கர்களில் சாதாரணம். ஆனால் அவரைவிட நான்கு விரற்கடை உயர்ந்த தடுப்பாளர்களுக்கு மேலே அவருடைய தலை தெரியும். இந்தத் திறமைகள் வயதோடு மங்குவதில்லை, இன்னும் கூர்மையாகக்கூடும்.

இரண்டாவது, 2013இல் பயிற்சியாளராக வந்த எர்னெஸ்தோ வல்வெர்தே. அடுரிஸ் நல்லவர்தான், ஆனால் அவரை நடுவில் வைத்து ஆட்டத்தையே கட்டியவர் வல்வெர்தே. இரு ஓரங்களிலிருந்தும் கோல் முன்னே தூக்கி அனுப்பும் பந்துகள், அதாவது கிராஸ்கள், மழையாக வந்தன: இரவோலா, தே மார்கோஸ், சுசாயேத்தா, பலென்ஸியாகா. பந்தை இழந்த உடனேயே எதிரணியை நெருக்கும் பாணி என்பதால் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குப் பக்கத்திலேயே பந்து திரும்பக் கிடைத்தது. நீண்ட தூரம் ஓட வேண்டியதில்லை. 2013–14இல் அணி நான்காவது இடம். அடுத்த ஆகஸ்டில் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில், இத்தாலியின் நாப்போலியை 3–1 என்று தன் சொந்த சான் மமேஸ் மைதானத்தில் வென்றபோது, பின்தங்கியிருந்த அணியை இரண்டு கோல்களால் மீட்டவர் அடுரிஸ்.

மூன்றாவது பெனால்டிகள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவருடைய கோல்களில் கணிசமானவை பெனால்டிகள். ஓடி வரும்போது வேகத்தைக் குறைத்து, கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று காத்திருந்து அடிப்பார். பார்க்க எளிது. நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் நின்று அப்படிக் காத்திருக்க நெஞ்சுரம் வேண்டும்.

நான்காவதாக ஒன்று, எனக்குத் தோன்றுவது மட்டுமே: இருபதுகளில் அவர் பெரிய மேடைகளில் அதிகம் ஆடவில்லை. 17 வயதிலிருந்தே ஆண்டுக்கு அறுபது ஆட்டம் ஆடியவர்களின் முழங்கால்களோடு ஒப்பிட்டால், 31 வயதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் அந்த மிச்சத்தையும் அவர் முழுவதுமாகச் செலவழித்தார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

2015 சூப்பர் கோப்பையில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு பார்சிலோனா லீக், ஸ்பெயின் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டியான மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றிருந்தது. மன்னர் கோப்பை இறுதியில் தோற்றது அத்லெட்டிக்தான், 3–1. மெஸ்ஸி வலது ஓரத்தில் நாலைந்து பேரைக் கடந்து அடித்த அந்த கோல் இந்த ஆட்டத்தில்தான். மூன்று மாதங்கள் கூட ஆகாத நிலையில் சூப்பர் கோப்பையில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. லீக் வென்ற அணியும் மன்னர் கோப்பை வென்ற அணியும் அப்போது இரண்டு ஆட்டங்களாக மோதிய போட்டி அது; இரண்டையும் ஒரே அணி வென்றால் கோப்பை இறுதியில் தோற்ற அணி எதிரே ஆடும். ஒரே ஆண்டில் ஆறு கோப்பை என்ற சாதனையை 2009க்குப் பிறகு மீண்டும் நிகழ்த்த பார்சிலோனாவுக்கு இது வாய்ப்பு.

ஆகஸ்ட் 14, சான் மமேஸ். முதலில் மிகேல் சான் ஹொசே ஏறக்குறைய மைதானத்தின் நடுவட்டத்திலிருந்து உயரத் தூக்கி அடித்த பந்து கோலுக்குள் விழுந்தது. இரண்டாம் பாதியில் கால் மணி நேரத்துக்குள் அடுரிஸ் மூன்று: ஒன்று தலையால், ஒன்று காலால், ஒன்று பெனால்டி. 4–0. ஆகஸ்ட் 17 அன்று பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் மெஸ்ஸி ஒன்று போட்டு நம்பிக்கை தந்தார். அடுரிஸ் ஒன்று திருப்பிப் போட்டு அதை அணைத்தார். மொத்தம் 5–1, அதில் நான்கு அடுரிஸுடையவை.

பார்சிலோனா ரசிகர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள்: மூன்று நாள் முன்புதான் ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியில் செவில்யாவோடு கூடுதல் நேரம் வரை ஆடி 5–4 என்று ஐரோப்பிய சூப்பர் கோப்பையை வென்று வந்திருந்தார்கள், களைப்பு, பலரை மாற்றி இறக்கினார்கள் என்று. உண்மைதான். ஆனால் களைத்த அணியின் வலைக்குள்ளும் பந்து தானாகப் போய் விழாது.

அத்லெட்டிக்குக்கு 1984க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது. 31 ஆண்டுகள். கடைசியாக வென்றபோது அடுரிஸுக்கு மூன்று வயது.

அந்த வெற்றிக்குப் படகு ஊர்வலம் நடந்ததா?

இல்லை. நெர்வியோன் ஆற்றில் கபர்ரா என்ற தட்டைப் படகில் வீரர்கள் ஊர்வலம் வருவது பில்பாவோ மரபு. சூப்பர் கோப்பைக்கு அதை இறக்கவில்லை. 2024இல் மன்னர் கோப்பை வென்றபோதுதான் படகு மீண்டும் ஆற்றில் இறங்கியது. அந்த இறுதியில் தோற்ற அணி மயோர்க்கா, அடுரிஸின் பழைய அணி.

ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டது உண்மையா?

உண்மை. 2016 நவம்பர் 3, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக், பெல்ஜியத்தின் கெங்க் அணிக்கு எதிராக சான் மமேஸில். ஆட்டம் 5–3 என்று முடிந்தது. அத்லெட்டிக்கின் ஐந்தும் இவருடையவை, மூன்று பெனால்டிகள். யூரோப்பா லீக் என்ற பெயரில் அந்தப் போட்டி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்ட முதல் ஆள். வயது 35.

அதற்கு முந்தைய பருவத்தில் 10 கோல்களோடு அந்தப் போட்டியின் முதலிடம் பிடித்திருந்தார். 2017–18இலும் 8 கோல்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

சாரா விருது என்றால் என்ன?

ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவில் ஒரு பருவத்தில் அதிக கோல் போடும் ஸ்பெயின் நாட்டவருக்கு விளையாட்டு நாளிதழ் ஒன்று தரும் விருது. அத்லெட்டிக்கின் பழம்பெரும் ஸ்ட்ரைக்கர் தெல்மோ சாராவின் பெயரில். அடுரிஸ் 2014–15இல் 18 கோல்களுக்கும் 2015–16இல் 20 கோல்களுக்கும் இதைப் பெற்றார். மெஸ்ஸியும் ரொனால்டோவும் இந்தப் பட்டியலில் வர முடியாது என்பதால் இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பேசட்டும்.

ஸ்பெயின் அணிக்கு 13 ஆட்டங்கள் மட்டுமே ஏன்?

அவர் பிறந்த காலம் அப்படி. 2008 முதல் 2012 வரை ஸ்பெயின் இரண்டு யூரோவும் ஓர் உலகக் கோப்பையும் வென்ற காலம். முன்களத்தில் வில்லாவும் டோரஸும். உயரமான ஸ்ட்ரைக்கர் தேவைப்பட்டால் யொரெந்தே. 2010 அக்டோபரில் லிதுவேனியாவுக்கு எதிராகப் பயிற்சியாளர் விசென்தே தெல் போஸ்கே அவரை முதன்முறையாக இறக்கினார். அதற்குப் பிறகு ஐந்தரை ஆண்டுகள் அழைப்பே இல்லை.

2016 மார்ச்சில் மீண்டும் அழைத்தார்கள். இத்தாலிக்கு எதிராக உதினேயில் நடந்த ஆட்டத்தில், 35 வயதில், நாட்டுக்கான முதல் கோலைப் போட்டார். அதே ஆண்டு நவம்பரில் கிரனாதாவில் மாசிடோனியாவுக்கு எதிராக இரண்டாவது. அப்போது வயது 35 ஆண்டு 275 நாள். ஸ்பெயினுக்காக கோல் போட்டவர்களிலேயே மிக மூத்தவர் என்று 1930இலிருந்து நின்ற சாதனை அன்று முறிந்தது.

யூரோ 2016இல் அணியில் இருந்தார். இத்தாலியிடம் தோற்று வெளியேறிய ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் இறங்கி, அடிபட்டு, முடிவதற்கு முன்பே வெளியேறினார். உலகக் கோப்பை ஆடியதே இல்லை.

2012–13இலிருந்தே அவரை இடையிடையே அழைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். குட்டிக் குட்டிப் பாஸ்களால் எதிரணியைச் சுற்றி வளைக்கும் அந்த அணி, கதவு திறக்காத ஆட்டங்களில் தலையால் முட்ட ஆளில்லாமல் தவித்ததை 2014 உலகக் கோப்பையில் பார்த்தோம்.

2019இல் பார்சிலோனாவுக்கு எதிரான பைசிக்கிள் கிக் பற்றிச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 16, பருவத்தின் முதல் ஆட்டம், சான் மமேஸ். இதுவே கடைசிப் பருவம் என்று அடுரிஸ் முன்பே அறிவித்துவிட்டார். கோல் ஏதும் இல்லாமல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 88ஆம் நிமிடம் அவரை இறக்கினார்கள். அடுத்த நிமிடம் வலது ஓரத்திலிருந்து அந்தெர் காபா அனுப்பிய கிராஸ். 38 வயது மனிதர் முதுகைத் தரைக்குக் காட்டி, கால்களைக் காற்றில் வீசி, பந்தை மூலைக்கு அனுப்பினார். 1–0.

லீக்கில் அவர் போட்ட கடைசி கோல் அதுதான்.

பருவம் முடியும் முன்பே ஏன் ஓய்வு பெற்றார்?

இடுப்பு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் லீக் நின்றது. அதற்குச் சில நாள் முன்புதான் அத்லெட்டிக் மன்னர் கோப்பை இறுதிக்குத் தகுதி பெற்றிருந்தது. எதிரணி யார் தெரியுமா? ரியல் சொசியதாத். பிறந்த ஊரின் அணிக்கு எதிராக, கடைசி ஆட்டமாக ஓர் இறுதிப் போட்டி.

நடக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்து பயிற்சி தொடங்கியபோது வலி தாங்க முடியாததாகிவிட்டது. மே 20 அன்று ஓய்வை அறிவித்தார். அன்றாட வாழ்க்கையை இயல்பாக நடத்த வேண்டுமானால் கூடிய விரைவில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே எழுதினார். நாம் கால்பந்தை விடும் முன்பே கால்பந்து நம்மை விட்டுவிடும் என்று பலமுறை சொல்லியிருப்பதாகவும் அதில் குறிப்பிட்டார். முந்தைய ஆகஸ்டில் காற்றில் புரண்டு கோல் போட்ட அதே இடுப்புதான். தடுப்பாளருக்கு முன்னே குதித்துக் குதித்துச் சேர்த்த கோல்களுக்கு உடல் அனுப்பிய ரசீது அது.

ரசிகர்களோடு அந்த இறுதியை நடத்த வேண்டும் என்று இரு கிளப்புகளும் விரும்பிக் காத்திருந்தன. கடைசியில் 2021 ஏப்ரல் 3 அன்று செவில்யாவில் ஆளில்லாத மைதானத்தில்தான் நடந்தது. ரியல் சொசியதாத் 1–0 என்று வென்றது.

அவருடைய ஆட்டங்களில் எதைத் தேடிப் பார்க்கலாம்?

கோல் தொகுப்புகளைப் பார்க்காதீர்கள். முட்டினார், விழுந்தது, முட்டினார், விழுந்தது என்று அலுத்துவிடும். கெங்க் ஆட்டத்தையும் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அதில் பெனால்டிகள் அதிகம். நாப்போலிக்கு எதிரான 3–1ஐ இரண்டாம் பாதியிலிருந்து பாருங்கள், பந்து இல்லாத நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்து. சூப்பர் கோப்பை 4–0 கட்டாயம். நேரம் மிகக் குறைவு என்றால் 2016 பிப்ரவரியில் பிரான்ஸின் மார்செய் அணியின் மைதானத்தில் அத்லெட்டிக் 1–0 என்று வென்ற யூரோப்பா லீக் ஆட்டத்தின் ஒரே கோல் போதும்: வெகு தொலைவிலிருந்து, மேலிருந்து இறங்கி வரும் பந்தைத் தரையில் விழ விடாமல் ஒரே உதை. கோல்கீப்பர் முன்னே வந்து நிற்கிறார் என்பதை அவர் எப்போது பார்த்தார் என்று கண்டுபிடிக்க நீங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பீர்கள்.